தூரத்துக் கண்

மலைநாட்டிலே தூரத்தை அளப்பதற்கு இரண்டு அளவைகள் உள்ளன. ஒன்று கண்ணின் அளவை. மற்றையது காலின் அளவை. எதிர்மலையிலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் சேலை நிறம் இங்கிருந்தே தெரியும். உரத்துக் கூப்பிட்டாற் குரலும் சென்று சேரும். ஆயின், அவள் நிற்கும் நிரையை அடையவேண்டுமாயின் குறுக்குப் பாதையாற் பள்ளத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, வழுக்குங் கற்களில் மறுபடியும் ஏறியாகவேண்டும். கண் ஒரு நொடியிற் கடப்பதைக் கால் அரை மணி நேரத்திற் கடக்கின்றது. இந்நிலத்திற் பிறந்தோர் இவ்விரண்டு அளவைகளுக்கும் இடையிலேயே வாழப் பழகியவர்கள். தொலைநோக்கு வில்லை பொருத்திய கமராவோடு இங்கு வருகின்றவனோ முதலாவது அளவையை மட்டுமே கைக்கொள்கிறான். அதனால் அவன் பெறுவது யாது, இழப்பது யாது என்பதை, இம்மண்ணிலேயே பிறந்த ஓர் இளைஞன் அத்தகைய வில்லையொன்றைக் கையாளக் கற்றுக்கொண்ட கதையின் வழியே நோக்கலாம்.

டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவைக்குச் செல்லும் வழியில் உள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன் அவன். தாய் கொழுந்தெடுத்துப் படிப்பித்தாள். பல்கலைக்கழகத்திலே இரண்டாம் ஆண்டிற் பயின்றபொழுது, விடுமுறைகளிற் சிறுவர்களுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தைக்கொண்டு, ஒருவர் பாவித்துக் கழித்த டிஜிட்டல் கமராவொன்றையும், 70 மில்லிமீற்றர் தொடக்கம் 300 மில்லிமீற்றர் வரை குவியத் தூரத்தை மாற்றத்தக்க மலிவான வில்லையொன்றையும் கண்டியில் வாங்கினான். பறவைகளையும் நீர்வீழ்ச்சிகளையும் படம் பிடிப்பதற்காக அவன் அவற்றை வாங்கவில்லை. அவனுடைய உள்ளத்தில் இருந்தது வேறொன்று.

அவனது காம்பராவின் சுவரிலே இரண்டு பழைய படங்கள் தொங்கின. ஒன்று பாட்டனுடைய தமையனுடையது. மற்றையது அவர் மனைவியுடையது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள 1974இல் இரு அரசுகளும் உடன்பட்டன. அவ்வொப்பந்தத்தின்படி கடவுச்சீட்டுப் பெறுவதற்காக எடுக்கப்பட்ட படங்களே அவை. தலைமன்னாரிற் கப்பலேறுமுன் அவ்விருவரும் பிரதிகளை இங்கு விட்டுச் சென்றனர். நேர்நோக்கிய முகம், வெறும் பின்புலம், இறுகிய உதடுகள். அவர்கள் நட்ட தேயிலையோ, சுமந்த கூடையோ, நடந்த மலையோ அப்படங்களில் இல்லை. அரசாங்கம் ஒன்று தன் கோவைக்குக் கேட்ட அளவுக்குமேல் அம்முகங்களைப்பற்றி எதுவும் அங்குப் பதியப்படவில்லை. தன் தாயைத் தொழில் செய்யும் கோலத்திலே, அவளுக்குரிய மலையிலே வைத்து ஒரு படம் எடுத்து, அவற்றின் அருகே மாட்டவேண்டும் என்பதே அவன் எண்ணம். கமராவைக் கண்டதும் தாய் வேலையை நிறுத்திவிடுவாள், சேலையைச் சரிசெய்வாள், கடவுச்சீட்டுப் படத்தின் முகம் அவளுக்கும் வந்துவிடும். ஆகவேதான் அவள் அறியாவண்ணம் தொலைவிலிருந்து எடுப்பதற்கு இந்த வில்லை.

இவ்வகை வில்லையின் இயல்பினைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. நெடிய குவியத் தூரத்தைக் குறுகிய குழலுக்குள் அடக்கும் தொலைநோக்கு வில்லையை 1891இல் இங்கிலாந்தில் டால்மேயரும், ஜேர்மனியில் மீதேயும் ஷ்டைன்ஹைலும் தனித்தனியே ஆக்கினர். குவியத் தூரத்தை விரும்பியவாறு கூட்டிக் குறைக்கத்தக்க 'சூம்' வில்லை சாதாரணக் கமராவுக்கென விற்பனைக்கு வந்தது 1959இல். இன்றைய மலிவான இலக்கமுறைக் கமராக்களில் ஒளியை ஏற்கும் தகடு பழைய படச்சுருளின் சட்டத்திலும் சிறியது. ஆகையால் 300 மில்லிமீற்றர் வில்லை அவற்றிலே 450 மில்லிமீற்றர் வில்லைபோல் ஒடுங்கிய காட்சியைத் தரும். கணக்கில் வைத்துப் பார்த்தால், 150 மீற்றருக்கு அப்பால் ஏறத்தாழ 12 மீற்றர் அகலமான நிலம் மட்டுமே சட்டத்துக்குள் அடங்கும். நான்கைந்து பெண்கள் வரிசையாக நின்று கொழுந்தெடுப்பதற்குப் போதுமான இடம் அது.

விலை குறைந்தமைக்குக் காரணம் கண்ணாடியின் அளவே. வில்லை எவ்வளவு ஒளியை உள்ளே விடும் என்பதைக் குறிக்கும் எண் அதன் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 300 மில்லிமீற்றரில் அவனுடைய வில்லையின் எண் 5.6. 300ஐ 5.6ஆல் வகுத்தால் ஒளி நுழையும் வாயிலின் விட்டம் 54 மில்லிமீற்றர் அளவில் வரும். செய்தியாளரும் காட்டுயிர்ப் படப்பிடிப்பாளரும் சுமந்து திரியும் பெரிய வில்லைகளின் எண் 2.8; அவற்றின் வாயில் 107 மில்லிமீற்றர். இரு மடங்கு விட்டம் நான்கு மடங்கு ஒளியைத் தரும், விலையோ பன்மடங்காகும். வசதியற்றவனுக்குக் கிடைப்பது கால்பங்கு ஒளி. வெயில் எறிக்கும் சமவெளியில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. 1200 மீற்றருக்கு மேலுள்ள மலைத்தோட்டத்திலே, பத்து மணி வரையும் பனிப்புகார் விலகாத பள்ளத்தாக்கிலே, அது நன்றாகவே தோன்றும்.

முதல் மாதத்தில் எடுத்தவற்றுள் உருப்படியானவை மிகச் சில. நெடிய வில்லை உருவத்தைப் பெருக்குவதுபோலவே கையின் நடுக்கத்தையும் பெருக்கும். குவியத் தூரம் எவ்வளவோ, அதன் பின்னமாகவேனும் மூடியின் வேகம் அமையவேண்டும் என்பது படப்பிடிப்பாளரின் பழைய விதி. அவன் கமராவுக்கு அது 500இல் ஒரு செக்கன். அந்த வேகத்துக்குப் புகார் மூடிய காலையின் ஒளி போதாது. ஒளியுணர்திறனை உயர்த்தினாற் படத்திலே மணல் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றின. வெண்மையான வானத்தை எதிர்த்து நிற்கும் தேயிலை விளிம்புகளில் ஊதாநிறக் கரை படிந்தது. புகாரினூடே தானியங்கிக் குவியம் பற்றுவதற்கு எதுவுங் கிடையாமல் முன்னும் பின்னும் ஓடிக் களைத்தது. காற்றிலுள்ள ஈரத்தினால் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்குமோ என்ற அச்சம் வேறு. தாயின் பழைய பிஸ்கட் தகரப் பெட்டியில் ஈரமுறிஞ்சும் பொதிகளை இட்டு, அதனுள் வைத்து மூடினான்.

எனினும் குறையுடைய கருவியே நல்லாசிரியனாகவும் அமைவதுண்டு. இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, இடக்கையால் வில்லையை அடியில் தாங்கி, பாதி மூச்சை விட்டு மீதியை அடக்கிக்கொண்டு விசையை அழுத்தக் கற்றான். சவுக்கு மரத்திலும் தூண் கல்லிலும் சாய்ந்து நிற்கக் கற்றான். 5.6இல் மங்கலாக இருப்பது 8இல் தெளிவடையும் என்பதையும், 300இன் எல்லைக்குப் போகாமல் சற்று உள்ளே நின்றுவிட்டால் விளிம்புகள் கூர்மையாகும் என்பதையும் கண்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, மழை பெய்து ஓய்ந்த பிற்பகலின் அரை மணி நேரத்தில், தூசும் புகாரும் கழுவப்பட்ட காற்றினூடே, மலிவான வில்லையும் விலையுயர்ந்த வில்லைபோல் நடந்துகொள்ளும் என்பதை அறிந்து அந்த நேரத்துக்காகக் காத்திருக்கப் பழகினான்.

இன்னொன்றையும் அவன் கண்டான். தொலைவிலிருந்து எடுத்த படத்திலே முன்னும் பின்னும் உள்ளவை நெருங்கி ஒன்றன்மேலொன்று அடுக்கப்பட்டனபோலத் தோன்றும். இது வில்லையின் மாயமன்று. நாம் நிற்கும் தொலைவின் விளைவு. தொலைவு மிகும்பொழுது பொருள்களுக்கிடையேயுள்ள இடைவெளி அத்தொலைவோடு ஒப்பிடுகையிற் சிறுத்துவிடுகின்றது. பள்ளத்தின் மறுகரையிலிருந்து அவன் எடுத்த படமொன்றில் லயத்தின் தகரக் கூரையும், ஸ்டோரின் புகைபோக்கியும், மலைமுகட்டிலுள்ள துரையின் பங்களாவும் ஒரே சுவரிலே வரைந்தவைபோல் அமைந்தன. லயத்து வாசலிலிருந்து கையை நீட்டினாற் பங்களாவின் படியைத் தொட்டுவிடலாம்! 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது தொடக்கம் இன்றுவரை எந்தச் சட்டமும் எந்தச் சங்கமும் இவ்வளவு அண்மையில் அவ்விரண்டையும் கொண்டுவந்ததில்லை. அப்படத்தைப் பார்த்து அவன் நகைத்தான். ஆயினும், படம் தெளிவாயிருப்பதனால் மட்டும் அது உண்மையாகிவிடாது என்ற ஐயமும் அன்றே அவனுள் முளைத்தது.

அந்த ஐயம் முற்றிக் கனியும் நாள் விரைவிலேயே வந்தது. மழைவிட்ட ஒரு பிற்பகலிலே ஓடைக்கு இப்புறத்துப் பாறையொன்றின்மேல் அவன் நின்றான். எதிரே ஏறக்குறைய 150 மீற்றருக்கு அப்பால் தாயின் நிரை. பெண்கள் இடுப்பிற் படங்கைக் கட்டி, முதுகிலே பையைத் தொங்கவிட்டிருந்தனர். சுவரொட்டிகளிற் காணப்படும் பிரம்புக் கூடை இப்பொழுது பெரும்பாலான மலைகளில் இல்லை. எவரும் அவனைக் காணவில்லை. ஒரு மணி நேரத்துள் நூற்றுக்கும் அதிகமான படங்கள் எடுத்தான். அவன் விரும்பியபடியே எவருடைய முகத்திலும் கடவுச்சீட்டின் இறுக்கம் இல்லை.

இரவு, இஸ்தோப்பில் அயலிலுள்ள பெண்கள் கூடினர். கமராவின் பின்புறத்துச் சிறு திரையிலே ஒவ்வொன்றாகக் காட்டினான். முதலிலே வியப்பும் சிரிப்பும். தாம் வேலை செய்யும் காட்சியை அவர்கள் ஒருபொழுதும் வெளியே நின்று பார்த்தவர்களல்லர். பின்னர்த் தாயின் படம் வந்தது. கொழுந்தெடுப்பதை நிறுத்தி, வலக்கையால் இடுப்பை அழுத்திக்கொண்டு, கண்களை மூடி நிற்கிறாள். ஒவ்வொரு விடுமுறையிலும் அவன் கேட்கும்போதெல்லாம், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவள் அவள். படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இதையா போய் எடுத்த?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த படத்திலே பக்கத்துக் காம்பராப் பெரியம்மா. நிரையின் ஓரத்துக் கல்லொன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். அட்டையைத் தட்டிவிடவோ, மூச்சு வாங்கவோ, சில நிமிடங்கள் அவள் குந்தியிருக்கவேண்டும். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"தம்பி, இத அழிச்சிரு. வேலை நேரத்துல குந்தியிருக்கேன்னு கணக்கப்புள்ள பாத்தா அரப்பேரு போட்டுருவாக."

தோட்டத்திலே ஒரு நாட் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். அரைநாட் கூலி அரைப்பேர். கூட்டத்தில் எவரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொருத்தியும் தன் படம் வருமுன்னரே திரையை அச்சத்துடன் நோக்கினாள். அன்றிரவே நூற்றுக்கும் அதிகமான அப்படங்கள் யாவற்றையும் அவன் அழித்தான்; தாயின் படத்தையும் அழித்தான்.

உறக்கம் வராத அவ்விரவிலே ஒரு சொல் அவனை வருத்தியது. கங்காணி என்பது கண்காணி என்பதன் திரிபு. கண்ணாற் காண்பவன், மேற்பார்ப்பவன் என்பது பொருள். கோப்பிக் காலத்திலே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவனும், அவர்களது கடன் கணக்கை வைத்திருந்தவனும், மலையிலே அவர்களுக்குப் பின்னே நின்று பார்த்துக்கொண்டிருந்தவனும் அவனே. ஆங்கிலேயர் தம் சட்டங்களிலும் அச்சொல்லை மொழிபெயர்க்காது அப்படியே ஆண்டனர். இம்மலைகளிற் 'பார்த்தல்' என்பது ஒருபொழுதும் வெறும் பார்வையாக இருந்ததில்லை. அது உழைப்பை அளக்கும் பார்வை. பேரையும் அரைப்பேரையும் தீர்மானிக்கும் பார்வை. தான் காணப்படாமலே பிறரைக் காண்பதற்கு 300 மில்லிமீற்றர் வில்லை அவனுக்கு வழிசெய்தது. அப்படிக் காண்பவனுக்கு இத்தோட்டத்திலே ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது என்பதை அவன் மறந்துவிட்டான். தான் லயத்திற் பிறந்தவன் என்பதும், அன்பினாலேயே எடுத்தான் என்பதும் உண்மைதான். ஆயினும் பாறையின்மேல் நின்ற இடமும், பார்த்த முறையும் கண்காணியினுடையவை.

சில நாள்களின்பின் அவன் பொகவந்தலாவைக்குச் சென்றான். அங்குப் புனித மரியாள் ஆலயத்தின் முற்றத்திலே ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை உள்ளது. 1815இற் கல்கத்தாவிற் பிறந்தவர். 48ஆவது வயதிலே, 1863இல், மகள் கொடுத்த கமராவைக்கொண்டு ஒளிப்படக்கலையைத் தொடங்கி, உலகம் போற்றும் கலைஞரானவர். கணவருக்கு இங்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கேன் தோட்டத்தில் மறைந்தார். அக்காலத்துக் கமராவுக்குத் தொலைவு என்பதே இல்லை. கண்ணாடித் தகட்டிலே மருந்தைப் பூசி, அது ஈரமாக இருக்கும்பொழுதே படம் எடுத்து, அப்பொழுதே கழுவவேண்டும். எடுக்கப்படுபவர் கலைஞரின் முன்னே, அவர் மூச்சுக் கேட்கும் அண்மையில், நிமிடக்கணக்காக அசையாதிருக்கவேண்டும். பெரிய உருவப்படங்களுக்காகக் கமரன் பயன்படுத்திய வில்லைகளுள் ஒன்றைச் செய்தவர் டால்மேயர். தொலைநோக்கு வில்லையை ஆக்கியவர் அவருடைய மைந்தர். ஒரே குடும்பத்திலே தந்தையின் கண்ணாடி அண்மையைக் கற்பித்தது. மகனுடையது தொலைவை வென்றது.

ஆயின் அந்த அண்மையும் முழுமையானதன்று. களுத்துறையிலே கமரன் எடுத்த படங்களில் உள்ளவர்கள் பெருமிதமான கோலத்துடன் நம்மை நோக்குகின்றனர். 1878இல் எடுத்த புகழ்பெற்ற படமொன்றுக்கு அவர் இட்ட தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதே. டெனிசனையும் டார்வினையும் எடுத்தபொழுது பெயரெழுதிய கை, இங்கு இனத்தை மட்டும் எழுதி நின்றுவிட்டது. நிமிடக்கணக்காக முன்னே நிறுத்தி வைத்தும் பெயர் பதியப்படவில்லை. அப்படியாயின், கேட்கவேண்டிய கேள்வி தொலைவா அண்மையா என்பதன்று. 70 மில்லிமீற்றரிலும் ஒருவரைப் பொருளாக்கலாம். 300 மில்லிமீற்றரிலும் ஒருவரை மனிதராகவே காணலாம். எடுக்கப்படுபவர் அதனை அறிவாரா, இசைந்தாரா, அவர் பெயர் என்ன என்பனவே கேள்விகள். கல்லறையின் அருகிலே நின்று அவன் தெளிந்தது இவ்வளவே.

அடுத்த விடுமுறையில் அவன் மறுபடியும் கமராவைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தான். இம்முறை முதல்நாள் இரவே லயத்திலே சொன்னான்: ஓடைக்கு இப்புறத்துப் பாறையில் நிற்பான், வெள்ளைத் துவாலையை உயர்த்தி ஆட்டுவான், விருப்பமில்லாதவர் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாற் போதும், எடுக்கமாட்டான். கணக்கப்பிள்ளையிடமும் சென்று கூறிவந்தான். "எங்க முகமெல்லாம் எதுக்கு?" என்றாள் ஒருத்தி. "அந்த மொட்டக் கல்லு தெரியுமில்ல? தேத்தண்ணி நேரத்துல அதுல குந்தியிருப்பேன். அப்ப எடு. அது என் நேரம்," என்றாள் பெரியம்மா.

மறுநாட் காலை புகார் விலகத் தாமதித்தது. விலகியதும் துவாலையை உயர்த்தினான். எதிர்மலையிலே ஒரு கணம் அசைவற்றிருந்தது. பின்னர் ஒரு கை உயர்ந்தது, மற்றொன்று உயர்ந்தது, "ஊ" என்ற நீண்ட கூப்பாடு பள்ளத்தைக் கடந்து வந்தது. இரு பெண்கள் முதுகைத் திருப்பினர். அவர்களைச் சட்டத்துக்கு வெளியே விடுவதற்காக அவன் வில்லையைச் சிறிது சிறிதாக நகர்த்தினான். மலிவான வில்லையின் ஒடுங்கிய பார்வை அன்று அதற்கு உதவியது. தாய் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டாள். அவன் அஞ்சியதுபோற் கைகள் நிற்கவில்லை. இரண்டு இலையும் ஒரு குருத்துமாக விரல்கள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டேயிருக்க, முகம் மட்டும் நிமிர்ந்து, தனக்குத் தெளிவாகத் தெரியாத மகனை நோக்கியது. 150 மீற்றருக்கு இப்பாலிருந்து அப்பார்வையை அவன் நேருக்கு நேராக எதிர்கொண்டான். தேநீர் வேளையிலே பெரியம்மா மொட்டைக் கல்லின்மேல், கால்மேற் காலிட்டு, குவளையைக் கையிலேந்தி உட்கார்ந்தாள்.

அவ்விரு படங்களையும் ஹட்டன் நகரில் அச்சிட்டு, கடவுச்சீட்டுப் படங்களின் அருகே மாட்டியிருக்கிறான். தாயின் படத்திலே வானத்தை ஒட்டிய தேயிலை விளிம்பில் ஊதாக் கரை சிறிது தெரிகின்றது, மூலைகள் மங்கியிருக்கின்றன. விலையுயர்ந்த வில்லையாயின் இக்குறைகள் இரா. வீட்டுக்கு வரும் எவரும் அவற்றைக் கவனித்ததில்லை. சட்டத்தைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்த்தால், படத்தில் உள்ள ஒவ்வொருவருடைய பெயரும், தகப்பன் பெயருடன், பெரியம்மாவின் கோணலான எழுத்திலே எழுதப்பட்டிருக்கும். அவள்தான் பேனாவை வாங்கி, ஒருவரையும் விடாமல், முழுப்பேராக எழுதினாள்.